தெருவை மறிக்கும் கினிக்கோழிகள்

பிரிட்டோரியாவில் வீடு பார்க்க வருபவர்களிடம் தண்ணீர், மின்வெட்டு எல்லாம் சொல்வார்கள். கினிக்கோழியைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். விடியும் முன்பே மரத்திலிருந்து ஆரம்பித்துவிடும். எண்ணெய் காணாத கிணற்று ராட்டினத்தை வேகமாக இழுப்பது போன்ற சத்தம். பழகிவிடும் என்கிறார் என் கணவர். எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு அசையாக இழுத்துக் கத்தினால் அது பெட்டை என்று எங்கள் தெருக் காவலர் சொல்லிக் கொடுத்தார். ஒற்றை அசையாகக் கத்தினால்? பெட்டையும் அப்படிக் கத்தும் என்பதால் ஆண் என்று சத்தியம் செய்ய முடியாது.

கரிய உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். இறகில்லாத நீலத் தலையின் உச்சியில் எலும்புக் கொம்பு. எடை ஏறத்தாழ 1.3 கிலோ. சகாராவுக்குத் தெற்கே, அடர்ந்த மழைக்காடும் பாலைவனமும் தவிர, புல்வெளியும் புதரும் உள்ள இடமெல்லாம் இதன் ராஜ்ஜியம்தான். இங்கே கோல்ஃப் மைதானத்தையும் சேர்த்துக்கொண்டுவிட்டது.

இரவில் அடைவதற்கு மரமேறும். மற்றபடி காலை நம்பிய பறவை. ஒரு நாளில் 10 கிலோமீட்டருக்கு மேலும் நடக்கும். நாய் துரத்தினாலும் ஓடித்தான் பார்க்கும்; வேறு வழியே இல்லையென்றால் படபடவென எழும்பி, கொஞ்ச தூரத்தில் இறங்கி மறுபடி ஓடும். தெருவைக் கடப்பதும் வரிசையாகத்தான். ஹாரன் அடித்தால் கடைசிக் கோழி நின்று நம்மைப் பார்க்கும், அவ்வளவுதான். விதை, கிழங்கு, கரையான், வெட்டுக்கிளி, உண்ணி என எதையும் விடாது. என் கொத்தமல்லிப் பாத்தியைச் சீய்த்துப் போட்டதும் இந்தக் கூட்டம்தான்.

மழைக்காலத்தில் ஜோடி சேரும். புல்லுக்கடியில் லேசாகப் பள்ளம் பறித்து 6 முதல் 12 முட்டை வரை இடும். ஒரே பள்ளத்தில் பல பெட்டைகள் இட்டு, குவியலாகிவிடுவதும் உண்டு. 26 முதல் 28 நாள் பெட்டை மட்டுமே அடைகாக்கும். பொரிந்தபின் குஞ்சுகளை மேய்ப்பதில் ஆணும் சேர்ந்துகொள்ளும். ஈரப்புல்லில் நனைந்து விறைத்தே பல குஞ்சுகள் செத்துப்போகும். பிழைத்தவை ஒரு வாரத்திலேயே தாழ்ந்த கிளைக்குத் தாவும்.

நம்மூர்ப் பண்ணைகளில் வளர்வதும் இதே இனம்தான். மேற்கு ஆப்பிரிக்கக் கிளையிலிருந்து பழக்கப்படுத்தப்பட்ட வம்சம். பொள்ளாச்சியில் சித்தப்பா நாலைந்து வளர்க்கிறார். பாம்பைக் கண்டால் ஊரைக் கூட்டும் என்பது அவர் கட்சி. சித்திக்கோ முட்டை ஓட்டோடுதான் சண்டை, அத்தனை கெட்டி.