வெளியூர் ஆட்டத்துக்குப் போன பஸ்

கனடா நாட்டில் பனிக்கட்டித் தரைமேல் ஹாக்கி ஆடுகிறார்கள். பூட்சின் அடியில் கத்தி போல இரும்புப் பட்டை இருக்கும். வழுக்கியபடியே பாய்வார்கள்! 16 முதல் 20 வயது வரை உள்ள பையன்களுக்குத் தனி அணிகள் உண்டு. பலர் பெற்றோரைப் பிரிந்து, வேறொரு குடும்பத்தோடு தங்கி ஆடுகிறவர்கள்.

வெளியூர் ஆட்டம் என்றால் பஸ் பயணம்தான். தூக்கமும் சீட்டாட்டமும் அதற்குள்ளேயே. வெளியே உறைபனி. வீட்டில் இருக்கும் தாய்க்கு எப்படித் தூக்கம் வரும்?

1986 டிசம்பர் 30. சுவிப்ட் கரெண்ட் என்ற சிறிய நகரின் பிராங்கோஸ் அணி, ரெஜைனா நகருக்குப் புறப்பட்டது. ஊரைத் தாண்டியதுமே விபத்து. சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் பனி உறைந்து கிடந்தது. பஸ் வழுக்கிக் கவிழ்ந்தது. பின்பக்கம் இருந்த நான்கு வீரர்கள் மாண்டனர். உயிர் தப்பியவர்களில் ஒருவர் 17 வயது ஜோ சாகிக். பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர்.

அணி கலையவில்லை. இறந்தவர்களின் எண்கள் 8, 9, 11, 22. அவற்றை நான்கு இலைச் சின்னத்தில் பொறித்து, சட்டையில் அணிந்து ஆடினார்கள்.

1989-ல் கனடா இளைஞர்களின் மெமோரியல் கோப்பை இறுதி ஆட்டம். ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டது. பிராங்கோஸ் 4-3 என்று வென்றது. அந்தப் பஸ்ஸில் இருந்து தப்பிய பையன்கள் சிலரும் அன்று களத்தில் இருந்தார்கள்.