கதாபாத்திரங்களுக்கு ஒரு பதிவேடு

ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை நம்மிற் படியாதார் சிலரே. அவற்றைக் கூறும் டாக்டர் வாட்ஸன் ஆப்கன் யுத்தத்தில் குண்டடிபட்டவர். 1887-ஆம் வருஷத்து முதற் கதையில் அக்காயம் தோளிலுள்ளது. 1890-இல் வெளிவந்த இரண்டாங் கதையிலோ காலுக்கு இறங்கிவிட்டது! ஜான் என்னும் அவரை, 1891-இல் வந்த கதையொன்றில், அவர்தம் மனைவியே ஜேம்ஸ் என்றழைக்கின்றாள். கானன் டாயில் போன்ற கைதேர்ந்த ஆசிரியர்க்கே இவ்வாறு நேர்ந்ததெனின், பிறரைச் சொல்வானேன்?

அச்சிட்ட கதைக்கு வழி ஒன்றே. படிப்போரே நடத்திச் செல்லும் கணினிக் கதைக்கோ வழிகள் பல. 2007-இல் வெளியான 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விளையாட்டில், ரெக்ஸ் என்னும் வீரன் பிழைப்பதும் மடிவதும் ஆடுவோர் செய்கையைப் பொறுத்தன. 2010-இல் வந்த இரண்டாம் பாகம், முதற் பாகத்தின் பதிவை வாங்கிக்கொள்ள வல்லது. ரெக்ஸ் பிழைத்தானென்று அதிலிருப்பின், அவன் குலத்தலைவனாய் நம்மை வரவேற்பான். இன்றேல் ரீவ் என்பான் அவ்விடத்தில் வீற்றிருப்பான். பழைய பதிவு இல்லாதார்க்கு, ரெக்ஸ் மடிந்ததாகவே கதை நடக்கும்.

இதற்கு வேண்டுவது யாதெனின், 'இறந்தான்' என்பதை ஒரே இடத்திற் குறித்து, ஒவ்வொரு காட்சியும் தொடங்குமுன் அதனைக் கேட்டறிதலாம். இரண்டிடங்களில் எழுதின், ஒன்று திருத்தப்படும், மற்றது மறக்கப்படும். செத்தவன் அடுத்த அறையிற் பேசுவான். பெயர், பிறப்பு முதலிய மாறாதனவற்றையும், காயம், பகை முதலிய மாறுவனவற்றையும் பிரித்து வைத்தல் நலம். எவன் எதனை அறிவான் என்பதும் பதியத்தக்கதே. பெரும்பாலும் விடப்படுவதும் இதுவே என்பது நம் கருத்து. தான் இல்லாத அறையிற் பேசிய இரகசியத்தை ஒருவன் உரைப்பானாயின், அதன்பின் அவன் கண்ணீரையும் எவரும் நம்பார்.