நாட்களை எண்ணும் ஞானம்

மனித வாழ்வு நீர்மேல் குமிழி போன்றது என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். திருவள்ளுவரும் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். தவக்காலத்தின் முதல் நாளாகிய சாம்பல் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் இடும் சாம்பலும் இவ்வுண்மையையே நினைவூட்டுகிறது. சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று பசுமையாக ஏந்திச் சென்ற ஓலைகளே காய்ந்து, எரிந்து, சாம்பலாகி நம் நெற்றிக்கு வருகின்றன. ஓலைக்கு ஓர் ஆண்டு, நமக்கு எத்தனை?

திருப்பாடல்களில் 90ஆம் பாடல் மோசேயின் மன்றாட்டு எனப்படுகிறது. மனிதனின் ஆயுளை எழுபது ஆண்டு என்றும், உடலில் வலு இருந்தால் எண்பது என்றும் அதன் ஆசிரியர் கணக்கிடுகிறார். பிறகு இறைவனிடம் ஒரு வரம் கேட்கிறார். என்ன வரம்? ஆயுளை நூறாக நீட்டித் தரும்படியா? இல்லை. தம் நாட்களை எண்ணக் கற்றுத்தர வேண்டும் என்றே இறைஞ்சுகிறார். எண்ணத் தெரிந்த உள்ளத்தில்தான் ஞானம் குடிபுகும் என்பது அவர் கருத்து.

அன்புத் தங்கையரே, நாமும் எண்ணிப் பார்ப்போமா? எழுபது ஆண்டுகள் என்பது ஏறத்தாழ 25,500 நாட்கள். பத்தாம் வகுப்பில் பயிலும் பதினைந்து வயது மாணவி அவற்றில் 5,500 நாட்களை ஏறக்குறையச் செலவிட்டுவிட்டாள். மீதி 20,000 நாட்கள் கையில் இருக்கின்றனவே என்று அவள் மகிழ்ந்திருக்க முடியுமா? எழுபது ஆண்டு என்று யாருக்கும் யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லையே!

தெய்வபயம் என்றால் என்ன?

உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தம் செய்த மாணவியர் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளை மனப்பாடமாகச் சொல்வார்கள்: ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். எசாயா ஆகமத்தின் 11ஆம் அதிகாரத்திலிருந்து வந்த வரிசை இது. முதலில் நிற்பது ஞானம். கடைசியில் நிற்பது தெய்வபயம். ஆனால் ஞானம் என்னும் மாடிக்கு ஏற முதற்படி தெய்வபயமே என்று நீதிமொழிகளும் சீராக்கின் ஞானமும் போதிக்கின்றன.

பயம் என்றதும் பிரம்பு நினைவுக்கு வருகிறதல்லவா? அக்குயினோ நகரப் புனித தோமையார் (1225–1274) இதைத் தெளிவாக விளக்கினார். தண்டனையை எண்ணி நடுங்குவது அடிமையின் பயம். தம்மை நேசிப்பவரின் மனத்தை நோகச் செய்துவிடக் கூடாதே, அவரைப் பிரிந்துவிடக் கூடாதே என்று அஞ்சுவது பிள்ளையின் பயம். அம்மா அடிப்பார் என்று உடைந்த கண்ணாடித் தம்ளரை ஒளித்து வைக்கும் சிறுமிக்கும், உழைத்துக் களைத்த அம்மாவின் முகம் வாடுமே என்று தானே ஓடிவந்து சொல்லும் சிறுமிக்கும் எவ்வளவு வேறுபாடு! அன்பு வளர வளர முதல் பயம் தேய்கிறது. இரண்டாவது பயம் வளர்கிறது. இந்த இரண்டாவது பயமே பரிசுத்த ஆவியின் கொடை.

ஒன்பதாயிரம் நாட்கள்

இதற்கு வாழ்ந்து காட்டிய சான்று சிறுமலர் எனப்படும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள். பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் 1873 ஜனவரி 2 அன்று பிறந்தார். நான்கு வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். லிசியே நகரில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயின்று, 13 வயதில் நின்றுவிட்டார். பட்டம் எதுவும் பெறவில்லை. 1888 ஏப்ரல் 9 அன்று, 15 வயதில், கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

கடவுளைக் கண்டிப்பான நீதிபதியாகவே காட்டும் போக்கு அன்றைய பிரான்சில் பரவியிருந்தது. சிறு குறையும் பெரும் பாவமோ என்று மருகும் மனவேதனை பள்ளிப் பருவத்தில் தெரேசம்மாளையும் ஒன்றரை ஆண்டுக்காலம் வாட்டியது. அடிமையின் பயம் எவ்வளவு கொடியது என்பதை அவர் அனுபவித்தே அறிந்தார். பின்னாளில், சிறியவர்களைத் தன் வீட்டுக்கு அழைக்கும் ஞானத்தைப் பற்றி நீதிமொழிகளின் 9ஆம் அதிகாரத்தில் படித்தபோது அவருக்கு வழி திறந்தது. அக்காலத்தில் செல்வர் வீடுகளில் புதிதாக வந்திருந்த லிஃப்டை அவர் கண்டிருந்தார். புனிதத்தின் செங்குத்தான படிகளில் ஏற இயலாத சிறியவளுக்கு இயேசுவின் கரங்களே லிஃப்ட் என்று எழுதினார். மரியாதை குறையாமலே பயம் அன்பாகிவிட்டது.

1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு. படுத்த சற்று நேரத்தில் வாயில் ஏதோ சூடாகப் பொங்கி வந்தது. விளக்கை ஏற்கெனவே அணைத்துவிட்டதால் அதை மீண்டும் ஏற்றிப் பார்க்காமல் உறங்கிவிட்டார். பெரிய வெள்ளி காலையில் பார்த்தால், கைக்குட்டையில் இரத்தம்! காசநோய். அதற்குப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 23.

எஞ்சிய பதினெட்டு மாதங்களை எப்படிச் செலவிட்டார்? விண்ணகம் என்று ஒன்று உண்டா என்னும் சோதனை இருள் அப்போது அவரைச் சூழ்ந்தது. ஆயினும் செபத்தை விடவில்லை. நவகன்னியருக்கு வழிகாட்டினார். இரு மறைபரப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். தம் வாழ்க்கைக் குறிப்பை நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். துணி துவைக்கையில் எதிரே நின்ற சகோதரி அறியாமல் அழுக்கு நீரைத் தம் முகத்தில் தெறிக்கவிட்டபோதும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதாக அதில் குறிப்பிடுகிறார். 1897 செப்டம்பர் 30 அன்று மறைந்தார். அவர் வாழ்ந்தவை ஏறத்தாழ 9,000 நாட்களே.

1925இல் புனிதராக உயர்த்தப்பட்டார். மடத்தை விட்டு வெளியே செல்லாத அவரை, கடல் கடந்து வந்து நம் முத்துக்குளித்துறையில் போதித்த புனித சவேரியாருடன் 1927இல் மறைபரப்புப் பணியின் பாதுகாவலராகத் திருச்சபை அறிவித்தது. 1997இல் மறைவல்லுநர் பட்டமும் வழங்கியது. அதுவரை அப்பட்டம் பெற்ற பெண்களில் அவர் மூன்றாமவர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்ட பெண் திருச்சபைக்கே ஆசிரியையானார்!

நாம் செய்யத்தக்கது

தங்கையரே, தேர்வுக்கு இத்தனை நாட்கள் என்று காலண்டரில் குறித்து வைக்கிறோம். அவ்வாறே ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் இறைவன் திருமுன் இரண்டு நிமிடம் அமர்ந்து அந்த நாளை எண்ணுவோம். இன்று யார் மனத்தைக் குளிரச் செய்தேன்? யாரை நோகச் செய்தேன்? பேசாதிருக்கும் தோழியிடம் நாளை பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேனா? வேறு சமய நெறியில் வளரும் தங்கையரும் தங்கள் வழக்கப்படி இதைச் செய்யலாம். பெற்றோரும் பிள்ளைகளுடன் சேர்ந்து அமர்ந்தால் வீடே பள்ளியாகும்.

எத்தனை நாட்கள் நமக்குண்டு என்பது இறைவனின் கையில் உள்ளது. இன்றைய நாளை அவர் நம் கையில் தந்திருக்கிறார். இதை அவருக்கு அஞ்சி, அவரை அன்பு செய்து, நன்றாக வாழ்வோமாக!