இறகைத் தேர்வது எப்படி? – போலி ஈ கட்டும் கலை
(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது மண்புழு, தக்கை, குளக்கரை, பொறுமை ஆகிய நான்குமே. ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளிலோ வேறொரு முறையும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஒரு பூச்சியைப் போலச் செய்து, அதைக் காட்டி ட்ரவுட், சால்மன் போன்ற மீன்களைப் பிடிப்பார்கள். இதனைப் 'போலி ஈ' என்று நாம் அழைக்கலாம்.

இக்கலை மிகப் பழமையானது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா நாட்டார் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்துள்ளார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூல், பன்னிரண்டு வகைப் போலி ஈக்களைக் கட்டும் முறையைக் கூறுகிறது. அன்று முதல் இன்று வரை கட்டுபவர் முன் நிற்கும் முதற் கேள்வி ஒன்றே: எந்த இறகு?

இறகின் அமைப்பு

விடை, நாம் வகுப்பில் படித்த பாடத்திலேயே இருக்கிறது. இறகின் நடுவே ஒரு தண்டு. தண்டின் இருபுறமும் இழைகள். ஒவ்வோர் இழையிலும் நுண்ணிழைகள். அவற்றில் சிறு கொக்கிகள். இக்கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் சிறகின் இறகு கிழியாத தகடு போல் நிற்கிறது. சேவலின் கழுத்து இறகிலோ, நுனிப் பகுதியின் ஓரத்து இழைகளில் நுண்ணிழைகள் பெரும்பாலும் இல்லை. ஆகவே அவை விறைப்பாகவும் பளபளப்பாகவும், நீரை உறிஞ்சாதனவாகவும் உள்ளன. கோழியின் கழுத்து இறகு இதற்கு மாறானது; மென்மையானது, நீரை ஏற்பது.

இந்த ஒரு வேறுபாட்டின் மீதுதான் இக்கலை முழுவதும் நிற்கிறது. மிதக்கும் ஈ வேண்டுமாயின் சேவல் இறகு. அதை முள்ளைச் சுற்றிச் சுற்றும்போது இழைகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல் விரிந்து, நீரின் மேற்பரப்பு இழுவிசையின் மீது ஈயைத் தாங்கி நிறுத்துகின்றன. 1886இல் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் மிதக்கும் ஈக்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அமிழும் ஈ வேண்டுமாயின் கோழி, கௌதாரி முதலியவற்றின் மென்மையான இறகு. அதன் இழைகள் நீரோட்டத்தில் அசைந்து உயிருள்ள பூச்சியின் கால்களை ஒத்திருக்கும். 1857இல் நூல் எழுதிய ஸ்காட்லாந்துக்காரரான ஸ்டூவர்ட், மென்மையான சிற்றிறகுகளால் கட்டிய இத்தகைய ஈக்களையே பெரிதும் போற்றினார். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள சிறு இறகுகளும் புகழ்பெற்றவை. அவை காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மிதக்கும்.

தேர்வு முறை

நல்ல இறகை அறியச் சில எளிய சோதனைகள் உள்ளன.

முதலாவது, அளவு. இறகை வில் போல் வளைத்தால் இழைகள் விரிந்து நிற்கும். அவற்றின் நீளம், முள்ளின் தண்டுக்கும் கூர்முனைக்கும் இடைப்பட்ட அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தண்டு. அது மெலிந்து வளைந்து கொடுக்க வேண்டும். தடித்த தண்டு சுற்றும்போது முறுக்கிக்கொள்ளும். காய்ந்த தண்டு ஒடியும்.

மூன்றாவது, நிறம். மீன் ஈயைக் கீழிருந்து, வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பார்க்கிறது. எனவே இறகை மேசை மீது வைத்துப் பார்ப்பது போதாது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தும் பார்க்க வேண்டும்.

நான்காவது, இணை. ஈக்குச் சிறகு கட்டும்போது ஒரு துண்டு பறவையின் இடச் சிறகிலிருந்தும், மற்றொன்று வலச் சிறகிலிருந்தும் வர வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தவையாயின் வளைவு பொருந்தாது.

பிறகு, சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தி, அந்துப்பூச்சி அண்டாதபடி மூடி வைத்தல் வேண்டும்.

நம் மலையின் பறவை

சால்மன் ஈக்களின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பேரரசின் கப்பல்கள் உலகெங்குமிருந்து இறகுகளைக் கொண்டு சேர்த்தன. 'ஜாக் ஸ்காட்' என்னும் புகழ்பெற்ற ஈயில் சீனத்துப் பொன் ஃபெசன்ட், தென் அமெரிக்க டூக்கான், மயில், கினிக்கோழி எனப் பல பறவைகள் சேர்கின்றன. அவற்றுள் ஒன்று நம்முடையது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவித் திரியும் சாம்பல் காட்டுக்கோழியே அது. அதன் சேவலின் கழுத்து இறகில் தண்டு நுனிக்கருகே விரிந்து, மெழுகு பூசியது போன்ற பொட்டாக மின்னுகிறது. ஈயின் இருபுறமும் இப்பொட்டைக் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். அதற்காகவே அப்பறவை ஏராளமாகக் கொல்லப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இன்று காவலாக இருக்கிறது. வெளிநாடுகளில் பண்ணைகளில் வளர்க்கும் பறவைகளின் இறகைப் பயன்படுத்துகின்றனர்.

ஆசை அத்துடன் அடங்கவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. திருடியவர் இசை பயின்ற ஒரு மாணவர். நோக்கம், சால்மன் ஈ கட்டுவோருக்கு விற்பது. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் திரட்டியவையும் அவற்றுள் இருந்தன. மீட்கப்பட்ட பலவற்றில் சேகரித்த இடத்தையும் நாளையும் குறித்த சீட்டுகள் இல்லை. சீட்டில்லாத மாதிரி, விலங்கியலாருக்குப் பெயர் அழிந்த கல்வெட்டைப் போன்றதே.

இதில் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும் சால்மன் பொதுவாக இரை உண்பதில்லை. பசிக்காக அது ஈயைக் கவ்வுவதில்லை. சாயமேற்றிய கோழி இறகிலும், விலங்கு உரோமத்திலும் கட்டிய ஈக்களில் அது பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் அரிய பறவையின் இறகு யாருக்காக? மீனுக்காக அன்று, மனிதனின் கண்ணுக்காக!

மயிற்பீலி ஏற்றிய வண்டியாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். ஓர் இறகுக்கு எடை இல்லை என்று ஒவ்வொருவரும் எண்ணியதால்தான் எத்தனையோ காடுகளில் பறவைகளின் குரல் குறைந்தது. எனவே இறகைத் தேர்வோர் அளவையும் தண்டையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பாராக. நம் வீட்டுக் கொல்லைச் சேவலின் கழுத்திலேயே ஒரு ட்ரவுட்டை ஏமாற்றப் போதுமான அழகு இருக்கிறது.