ரிவர்ஸில் ஓடும் டிராக்டர், 18 டன் பனி: கனடாவில் நீளமான டிரைவ்வேயை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

டிராக்டர் பின்னோக்கி நகர்கிறது. ஓட்டுபவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே இருக்கிறார். பின்பக்கம் மாட்டிய இரும்புப் பெட்டி ஒன்று பனியை விழுங்கி, வளைந்த குழாய் வழியாகப் பத்து மீட்டர் தள்ளித் துப்புகிறது. குளிர்காலம் வந்தால் இப்படி ஒரு ரீல்ஸாவது உங்கள் டைம்லைனில் வந்துவிடும். பார்க்க ஜாலியாக இருக்கும் இந்த வேலை, கனடாவின் கிராமப்புறங்களில் பலருக்கு வாழ்வா சாவா பிரச்னை.

டிரைவ்வேக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?

ஒட்டாவா நகரில் ஓர் ஆண்டில் சராசரியாக சுமார் 220 செ.மீ. பனி கொட்டும். கியூபெக் சிட்டியில் அது சுமார் 300 செ.மீ. பொதுச் சாலையில் விழும் பனியை அரசு வண்டிகள் வந்து தள்ளிவிடும். ஆனால் சாலையிலிருந்து வீடு வரை போகும் பாதை, அதாவது டிரைவ்வே, வீட்டுக்காரரின் பொறுப்பு.

நகரத்தில் இந்தப் பாதை இரண்டு கார் நிறுத்தும் அளவுதான் இருக்கும். டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால், காலையில் ஷவலோடு நிற்கும் அவர்கள் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். பண்ணை வீடுகளில் கதையே வேறு. அங்கே டிரைவ்வே 200 மீட்டர்கூட இருக்கும். அதில் பனி மூடிவிட்டால் வேலைக்குப் போக முடியாது. நள்ளிரவில் நெஞ்சு வலி என்று ஆம்புலன்ஸை அழைத்தாலும், அது சாலையிலேயே நிற்க வேண்டியதுதான்.

கையால் அள்ளினால் என்ன?

ஒரு சின்னக் கணக்கு. 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 30 செ.மீ. உயரத்துக்குப் பனி. மொத்தம் 180 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 18 டன் வருகிறது. ஒரு ஷவலில் 5 கிலோ என்றால் 3,600 முறை குனிந்து அள்ள வேண்டும். ஈரப்பனி என்றால் எடை இன்னும் பல மடங்கு.

இது வெறும் முதுகுவலி விஷயம் இல்லை. 1981 முதல் 2014 வரையிலான கியூபெக் மாகாணத் தரவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. பனி கொட்டாத நாளோடு ஒப்பிட்டால், 20 செ.மீ. பனி விழுந்ததற்கு மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு சுமார் 34 சதவீதம் அதிகம் என்றது அது. பனி அள்ளுவதுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஸ்னோ ப்ளோயர் எப்படி வேலை செய்கிறது?

இதன் கதை கியூபெக்கிலேயே தொடங்குகிறது. ஆர்தர் சிகார்ட் என்பவர் இளம் வயதில் தானியம் அடிக்கும் இயந்திரத்தைப் பார்த்து, இதே மாதிரி பனியையும் அள்ளி வீசலாமே என்று யோசித்தார். 1925-ல் இயந்திரம் தயாரானது. 1927-ல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமான் நகராட்சி அதை வாங்கியது.

அடிப்படை இன்றும் கிட்டத்தட்ட அதேதான். முன்னால் திருகு மாதிரி சுழலும் 'ஆகர்', பனியை உடைத்து நடுப்பகுதிக்குத் தள்ளும். பின்னால் வேகமாகச் சுழலும் 'இம்பெல்லர்' விசிறி, அதைக் குழாய் வழியாக வெளியே வீசும். இரண்டு கட்டமாக நடப்பதால் இதற்கு 'டூ ஸ்டேஜ்' என்று பெயர்.

அதை ஏன் டிராக்டரின் பின்னால் மாட்டுகிறார்கள்?

காரணம் சிம்பிள். பவர் அங்கேதான் இருக்கிறது. டிராக்டரின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு, நிமிடத்துக்கு 540 முறை சுழலும். நம்மூர் வயலில் ரோட்டாவேட்டரைச் சுழற்றுவதும் இதே தண்டுதான். டெல்டாவில் சேற்றை உழும் அதே ஏற்பாடு அங்கே பனியை வீசுகிறது, அவ்வளவுதான்.

முன்பக்கம் மாட்டும் மாடல்களும் உண்டு. ஆனால் அதற்குத் தனிச் சட்டகமும் கூடுதல் இணைப்புகளும் வேண்டும், செலவு எகிறும். பின்னால் மாட்டினால் மூன்று முனை இணைப்பில் கோத்துவிடலாம். முன்பக்க லோடரும் ஃப்ரீயாக இருக்கும்.

விலை கழுத்துவலிதான். மணிக்கணக்கில் திரும்பிப் பார்த்தபடியே ஓட்ட வேண்டும். அதனால் கியூபெக், ஒட்டாவா பகுதிகளில் 'தலைகீழ்' ப்ளோயர் ரொம்ப பாப்புலர். இதன் வாய் டிராக்டரைப் பார்த்தபடி இருக்கும். டிராக்டர் ரிவர்ஸில் கராஜ் கதவு வரை போய், ப்ளோயரை இறக்கிவிட்டு, முன்னோக்கி ஓடியபடியே பனியை இழுத்து வீசும். ஒரே குறை, டயர் முதலில் பனியை மிதித்து இறுக்கிவிடும்.

தள்ளினால் போதாதா, ஏன் வீச வேண்டும்?

பிளேடால் தள்ளுவது வேகமான வேலைதான். ஆனால் தள்ளிய பனி எங்கும் போய்விடாது, ஓரத்திலேயே குவியும். குளிர் மாதக்கணக்கில் நீடிப்பதால் அது உருகாமல் கல்லாக இறுகும். பிப்ரவரிக்குள் 3 மீட்டர் பாதை குறுகி, பெரிய வண்டி நுழைய இடமிருக்காது. ப்ளோயர் தூரமாக வீசுவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

● குளிருக்கு முன்பே குச்சி நடுங்கள்: மண் உறைவதற்குள் பாதையின் இரு ஓரத்திலும் அடையாளக் குச்சி நட வேண்டும். பனி மூடிய பிறகு பாதை எது, பள்ளம் எது என்றே தெரியாது.

● இன்ஜின் வேகம், டயர் மெதுவு: பி.டி.ஓ. முழு வேகத்தில் சுழல வேண்டும். வண்டி மட்டும் ஊர்ந்து போக வேண்டும். மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் மூன்று முறை போனாலும் 200 மீட்டர் பாதைக்கு 36 நிமிடம்தான். திரும்பி வரும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் 18 டன் காலி.

● சரளைப் பாதையா? ப்ளோயரின் அடியில் உள்ள சறுக்குக் கட்டைகளைச் சரிசெய்து, பெட்டியைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் பனியோடு ஜல்லியும் பறந்து ஜன்னல் உடையும்.

● காற்றைப் பாருங்கள்: காற்று போகும் திசையிலேயே வீச வேண்டும். எதிர்த்து வீசினால் மொத்தமும் ஓட்டுபவர் முகத்தில்தான்.

● சாலையில் வீசாதீர்கள்: ஒன்டாரியோவில் அனுமதியில்லாமல் சாலையில் பனியைக் கொட்டுவது சட்டப்படி தவறு.

அந்த ஒரு போல்ட்

பனிக்குள் கல்லோ கட்டையோ, வீட்டு வாசலில் போட்டு உறைந்துபோன செய்தித்தாளோ ஒளிந்திருக்கலாம். ஆகரில் அது சிக்கினால் முதலில் உடைவது 'ஷியர் போல்ட்'. உடைவதற்காகவே பலவீனமாகச் செய்யப்பட்ட போல்ட் அது. சில நிமிடத்தில் மாற்றிவிடலாம். "அடிக்கடி உடையுதே" என்று கடினமான போல்ட்டை மாட்டினால், அடுத்த முறை போல்ட் தப்பிக்கும், கியர்பாக்ஸ் போய்விடும். அனுபவசாலிகளின் பாக்கெட்டில் எப்போதும் நான்கைந்து உதிரி போல்ட் இருக்கும்.

உயிருக்கே ஆபத்து எங்கே?

540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. சுமார் 35 மி.மீ. விட்டமுள்ள தண்டு அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். தொங்கும் மஃப்ளர், ஜாக்கெட் கயிறு எது மாட்டினாலும், சுதாரித்து இழுக்க நேரமே இருக்காது. அதனால் தண்டின் மேலுள்ள பாதுகாப்பு உறையைக் கழற்றவே கூடாது.

இன்னொரு ஆபத்து, குழாய் அடைத்துக்கொள்ளும்போது வருகிறது. ஈரப்பனி அடிக்கடி அடைக்கும். அவசரத்தில் கையை விட்டவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லாம் நின்றுவிட்டதை உறுதிசெய்த பிறகுதான் இறங்க வேண்டும். அப்போதும் கை கூடாது, கட்டையால்தான் குத்திவிட வேண்டும்.

மூன்றாவது, குழந்தைகள். பனி விழுந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். குவிந்த பனிக்குள் குகை தோண்டி விளையாடுவார்கள். ரிவர்ஸில் வரும் டிராக்டரிலிருந்து, ப்ளோயருக்குப் பின்னால் குனிந்திருக்கும் குழந்தை தெரியவே தெரியாது. அதனால் முதல் வேலை சாவியைத் திருப்புவது அல்ல. வீட்டுக்குள் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பது.

பாதை முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை பாக்கியிருக்கும். இவர் வீட்டுப் பாதையைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் சாலையில் அரசு வண்டி போயிருக்கும். அது ஒதுக்கிய பனி, டிரைவ்வே வாசலில் இடுப்பளவு மேடாகக் கிடக்கும். உப்பும் சேறும் கலந்து, இருப்பதிலேயே கனமான பனி அதுதான். ஆற அமரப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், விடிவதற்குள் அது பாறையாகிவிடும். டிராக்டர் மறுபடியும் ரிவர்ஸ் எடுக்கிறது.