பனி விலகினதும் ஊர் சின்னதாயிடுச்சு

ஸ்கூல் படிக்கும்போது எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் ஓடணும்னா, செட்டிங்ஸ்ல 'டிரா டிஸ்டன்ஸ்'ங்கிறதைக் கடைசி வரைக்கும் குறைச்சு வைக்கணும். கொஞ்ச தூரம் தாண்டினா எல்லாமே மங்கல்தான். அப்போ அதைத் திட்டிக்கிட்டே விளையாடினேன். இன்னைக்கு அந்தக் கேமை நினைச்சா முதல்ல ஞாபகம் வர்றதே அந்த மங்கல்தான். ஏன்னு பார்ப்போம்.

இந்தக் கேம் 2004-ல முதல்ல வந்தது பிளேஸ்டேஷன் 2-க்கு. அந்த மெஷினோட மெயின் மெமரி 32 எம்.பி. இன்னைக்கு போன்ல எடுக்குற பத்துப் பதினஞ்சு போட்டோவே அதைத் தாண்டிடும். மூணு நகரம், காடு, பாலைவனம், ஒரு பெரிய மலை, இது எல்லாத்தையும் ஒரே நேரத்துல அதுக்குள்ள அடைக்க முடியாது. அதனால நீங்க வண்டி ஓட்ட ஓட்ட, முன்னாடி வர்ற தெருவை டிஸ்க்ல இருந்து எடுத்து வைக்கும், கடந்து வந்த தெருவை மெமரியில இருந்து தூக்கிடும். தூரத்துக் கட்டடத்துக்கு விவரம் குறைஞ்ச ஒரு மாடல். அதுக்கும் அப்பால எதையும் வரையாது.

அப்படியே விட்டா, கட்டடம் திடீர்னு முளைக்கிறது அப்பட்டமா தெரியும். அதனால தூரம் போகப் போக எல்லா நிறத்தையும் வானத்து நிறத்தோட கலந்துட்டாங்க. அதுதான் அந்தப் பனி. 1999-ல வந்த சைலன்ட் ஹில்லும் இதே வேலையைத்தான் பண்ணுச்சு. முதல் பிளேஸ்டேஷனோட மெயின் மெமரி வெறும் 2 எம்.பி. எதிர்ல என்ன நிக்குதுன்னு தெரியாத அந்தப் பனியே கேமோட பயமா மாறிடுச்சு.

சான் ஆண்ட்ரியாஸ்ல அது பயத்தைத் தரல, தூரத்தைத் தந்துச்சு. மொத்த மேப்பும் கேமோட அளவுல ஒரு பக்கம் சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனா ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், நடுவுல மலை மறைக்கும், அடுத்த நகரம் பனிக்குள்ள இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை 'ரொம்ப தூரத்துல இருக்கு'ன்னு நம்ம மூளையே எடுத்துக்கும். அதனாலதான் அது ஒரு முழு மாநிலம் மாதிரி இருந்துச்சு.

2021 நவம்பர்ல இதே கேமைப் புது இன்ஜின்ல, 'டெஃபினிட்டிவ் எடிஷன்'னு வெளியிட்டாங்க. மெமரிப் பிரச்சினை தீர்ந்துருச்சு, பனியும் போயிடுச்சு. விமானத்துல ஏறிப் பார்த்தா நகரங்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துல, மேஜை மேல வச்ச பொம்மை ஊர் மாதிரி. மேப்போட அளவு மாறவே இல்ல, ஆனா ஊர் சுருங்கிடுச்சு. இதுவும் வேற கோளாறுகளும் சேர்ந்து பெரிய சர்ச்சையாகி, ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டாங்க. 2024-ல வந்த ஒரு அப்டேட்ல பழைய வானத்தோட தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவர்ற செட்டிங்கையும் கொடுத்தாங்க.

'இதெல்லாம் வெறும் சின்ன வயசு ஏக்கம் ப்ரோ'ன்னு நீங்க சொல்லலாம். அப்படின்னா பழசு எல்லாத்துக்கும் ஏங்கணுமே? மெமரி கார்டு வேணும், லோடிங் ஸ்கிரீன்ல காத்திருக்கணும்னு யாரும் பெருசா கேட்கிறதில்ல. அதெல்லாம் வேற வழியில்லாம பொறுத்துக்கிட்ட குறை. பனி அப்படி இல்ல, அதை நம்பித்தான் அந்த மேப்பே நின்னுச்சு. கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். பழைய புரோகிராம்ல அர்த்தமே இல்லாத மாதிரி ஒரு வரி இருக்கும், தூக்கின அன்னைக்குத்தான் வேற எங்கேயோ உடையும்.

எனக்குக் கவலை என்னன்னா, புது எடிஷன் வர்றதுக்கு முந்தின மாசம் பழைய பதிப்புகளை டிஜிட்டல் கடைகள்ல இருந்து எடுத்துட்டாங்க. எதிர்ப்பு வந்த பிறகுதான் பி.சி. பதிப்பு அவங்க சொந்தக் கடைக்குத் திரும்ப வந்துச்சு. அது வராமலே போயிருந்தா, புதுசா விளையாட வர்ற ஒரு பையன் 'இவ்ளோ சின்ன ஊருக்கா இவ்ளோ பில்டப்பு?'ன்னு கேட்பான். அவன் கேட்கிறதும் நியாயமாத்தான் இருக்கும், நம்மகிட்ட காட்டுறதுக்கு எதுவும் இருக்காது.

வீட்ல பழைய டிஸ்க் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. டிரா டிஸ்டன்ஸைக் குறைச்சு வச்சு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.