மட்டையின் எடை எங்கே இருக்கிறது?

ஆட்டக் கருவிகளின் கதை – 9

சென்ற வாரம் வில்லோ மரம் வெட்டுப்பட்டு, காய்ந்து, அழுத்தப்பட்டு கிரிக்கெட் மட்டையாக உருவெடுக்கும் வரை பார்த்தோம். இந்த வாரம் அந்த மட்டையைத் தராசில் ஏற்றுவோம். விளையாட்டுப் பொருள் கடைக்குப் போகிறவர் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "எத்தனை கிராம்?" என்பதைத்தான். கடைக்காரரும் 1180, 1220 என்று ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை வைத்தே மட்டையின் குணம் முடிவாகிவிடுகிறது. ஆனால் கிரிக்கெட் வரலாறு இந்த எண்ணை அவ்வளவு மதித்ததாகத் தெரியவில்லை. டான் பிராட்மன் பிடித்த மட்டை ஏறக்குறைய 2 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு என்பார்கள். சச்சின் டெண்டுல்கரின் மட்டையோ 3 பவுண்டைத் தாண்டி, 1400 கிராமை ஒட்டி நின்றது. முன்னவரின் டெஸ்ட் சராசரி 99.94. பின்னவர் அடித்த சர்வதேச சதங்கள் 100. எடைதான் எல்லாம் என்றால், இவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தவறான மட்டையோடு ஆடியிருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. மட்டை எவ்வளவு கனம் என்பதைவிட, அந்தக் கனம் அதைப் பிடிக்கும் கையிலிருந்து எவ்வளவு தொலைவில் உட்கார்ந்திருக்கிறது என்பதே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது.

கனமான மட்டைக்கு ஆதரவான வாதத்தை முதலில் நியாயமாகப் பார்த்துவிடலாம். விதிப்படி பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. அதன்மீது மோதும் பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாகப் பந்து திரும்பும் என்பது உண்மைதான். எவ்வளவு கூடுதல் வேகம் என்பதே கேள்வி. ஓர் எளிய கணக்கு போடுவோம். மட்டையின் முழு எடையும் பந்துக்கு நேர் பின்னால் நிற்கிறது என்றும், மோதலில் பந்தின் எகிறும் திறன் பாதி என்றும் வைத்துக்கொள்வோம். 160 கிராம் பந்து மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வந்து சேர்கிறது. மட்டை 90 கி.மீ. வேகத்தில் அதைச் சந்திக்கிறது. 1200 கிராம் மட்டை என்றால் பந்து சுமார் 154 கி.மீ. வேகத்தில் திரும்பும். 1350 கிராம் என்றால் 157.5 கி.மீ. எடையில் 12.5 சதவீதம் கூட்டியதற்குக் கிடைத்த லாபம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் 150 கிராமின் காரணமாக மட்டையின் வேகம் 90-லிருந்து 87.4 கி.மீ.க்கு இறங்கினால் அந்த லாபமும் கரைந்துவிடும். மூன்று சதவீத வேக இழப்பு என்பது சோர்ந்த மணிக்கட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆக, எடையைக் கூட்டுவதில் வரவு சிறிது. செலவு எவ்வளவு என்பது சுழற்றும் வேகம் எதனால் குறைகிறது என்பதைப் பொறுத்தது.

அதற்கு விடை கொல்லன் பட்டறையில் இருக்கிறது. சம்மட்டியின் பிடியை அதன் கடைக்கோடியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அதே சம்மட்டியைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தராசு இரண்டையும் ஒன்று என்றுதான் சொல்லும். கை அப்படிச் சொல்லாது. சுழலும் பொருள் காட்டும் தடையைப் பள்ளிப் பாடநூல் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. அதில் எடை அப்படியே கணக்கில் வருகிறது. தொலைவோ அதன் இருமடியாக வருகிறது. கையிலிருந்து 25 செ.மீ. தள்ளி, மட்டையின் தோள் பகுதியில் 30 கிராம் மரத்தை விட்டுவைப்பதற்கும், 70 செ.மீ. தள்ளி அடிமுனையில் அதே 30 கிராமை விட்டுவைப்பதற்கும் கிட்டத்தட்ட எட்டு மடங்கு வித்தியாசம். மென்பந்து ஆட்டத்தின் மட்டைகளை வைத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். எடையை மாற்றாமல் திருப்புத்திறனை மட்டும் கூட்டினால் சுழற்றும் வேகம் குறைந்தது. திருப்புத்திறனை மாற்றாமல் எடையை மட்டும் கூட்டினால் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கிரிக்கெட்காரர்கள் 'பிக்-அப்' என்று சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். கடையில் 1180 கிராம் மட்டை கையில் கனத்துத் தொங்குவதும், 1230 கிராம் மட்டை இலேசாக எழும்புவதும் மாயமில்லை. மரத்தைச் செதுக்கியவர் எடையை எங்கே விட்டு, எங்கே எடுத்தார் என்பதன் விளைவு.

"அப்படியானால் டெண்டுல்கர், கிளைவ் லாயிட், லான்ஸ் குளூஸ்னர் எல்லாம் கனமான மட்டையோடு சாதித்தது எப்படி?" என்ற ஆட்சேபணை உடனே எழும். டெண்டுல்கரின் பிடியைக் கவனித்தவர்களுக்கு விடையில் பாதி தெரியும். அவருடைய கைகள் கைப்பிடியின் கீழ்ப்பகுதியில், மட்டையின் தோளை ஒட்டி இருக்கும். 1200 கிராம் மட்டையின் ஈர்ப்பு மையம் ஒருவர் கையிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 1420 கிராம் மட்டையை இன்னொருவர் ஐந்து செ.மீ. கீழே இறக்கிப் பிடிக்கிறார். ஈர்ப்பு மையம் 35 செ.மீ.க்கு வந்துவிடுகிறது. எடையைத் தொலைவின் இருமடியால் பெருக்கினால் கனமான மட்டைக்குத்தான் குறைந்த விடை வரும். மட்டைக்கே உரிய சுழற்சித் தடையைச் சேர்த்துக்கொண்டாலும் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். தராசு காட்டிய 220 கிராம் வித்தியாசத்தை ஐந்து செ.மீ. இறக்கம் விழுங்கிவிடுகிறது. மறுபக்கம் ஆடம் கில்கிறிஸ்ட், கைப்பிடியின் உச்சியில் பிடித்து நீண்ட வட்டமாகச் சுழற்றியவர். அதே 1420 கிராமை அவர் கையில் கொடுத்திருந்தால் அது வேறொரு மட்டையாக மாறியிருக்கும்.

விடையின் மறுபாதி, எந்த அடிக்கு என்பதில் இருக்கிறது. டெண்டுல்கரின் நேர் டிரைவில் சுழற்சி குறைவு. பந்தைத் தடுப்பது போல வைத்த மட்டையிலிருந்தே பந்து எல்லைக்கு ஓடும். மேலே போட்ட கணக்கில் மட்டையின் வேகத்தை 30 கி.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள். கூடுதல் 150 கிராம் தரும் லாபம் மூன்று சதவீதத்தைத் தாண்டும். பந்து கொண்டுவரும் வேகத்தைத் திருப்பி அனுப்புவதில் எடைக்குப் பங்கு அதிகம். குறுகிய அசைவில் நேராக ஆடுகிறவருக்குக் கனம் துணை நிற்கும். கட், புல், ஹூக் போன்ற குறுக்கு மட்டை அடிகளின் நிலை வேறு. 140 கி.மீ. வேகப் பந்து பேட்டரை வந்தடைய அரை நொடிகூட ஆகாது. அதற்குள் முடிவெடுத்து மட்டையைக் கிடைமட்டமாகத் திருப்ப வேண்டும். அங்கே அடிமுனையில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் தாமதமாக மாறுகிறது. கனமான மட்டை நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லாமல் போவது இதனால்தான்.

இன்னொரு ஆட்சேபணை, அனுபவசாலிகளிடமிருந்து வருவது. மட்டையை ஒரு விரல்மீது வைத்து அது சமநிலையில் நிற்கும் புள்ளியைப் பார்த்தாலே போதுமே என்பார்கள். அடிப்புறம் கனத்தால், கைப்பிடியில் இரண்டாவது ரப்பர் கிரிப் ஒன்றை ஏற்றினால் சரியாகிவிடும் என்பதும் பழகிய வைத்தியம். இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கிரிப் ஏற்றினால் சமநிலைப் புள்ளி மேலே நகரும். மட்டையைச் சும்மா தூக்கி நிறுத்தும்போது இலேசாகத் தோன்றும். ஆனால் அடிமுனையில் இருந்த மரம் அங்கேயேதான் இருக்கிறது. கைக்குப் பக்கத்தில் சேர்த்த எடை சுழற்சித் தடையைக் குறைப்பதில்லை. நிற்கும் மட்டையின் சமநிலை வேறு, சுழலும் மட்டையின் சமநிலை வேறு. பந்து வருவது சுழலும் மட்டைக்கு.

எடையின் இடத்தைத் தேடிய தேடலாகவே மட்டையின் வரலாற்றையும் படிக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பந்து தரையோடு உருண்டு வந்தது. அதனால் மட்டை ஹாக்கிக் கட்டைபோல அடியில் வளைந்து, கனம் முழுவதையும் அங்கேயே வைத்திருந்தது. பந்து குத்தி எழும்பத் தொடங்கியதும் மட்டை நிமிர்ந்தது, கனம் மேலேறியது. 1970-களில் கிரே-நிக்கல்ஸ் நிறுவனத்தின் ஸ்கூப் மட்டை, முதுகின் நடுவில் மரத்தைக் குடைந்தெடுத்து ஓரங்களில் எடையை விட்டது. நடுவில் படாத பந்துக்கும் மட்டை எளிதில் முறுக்கிக்கொள்ளாமல் நிற்க வேண்டும் என்பது எண்ணம். மங்கூஸ் மட்டை கைப்பிடியை நீட்டி, அலகைக் குறுக்கி, மரத்தையெல்லாம் அடிக்கும் இடத்தில் குவித்தது. 2010 ஐ.பி.எல்.லில் சென்னை அணிக்காக மேத்யூ ஹேடன் அதைப் பிடித்து டெல்லிக்கு எதிராக 43 பந்துகளில் 93 ரன்கள் எடுத்தார். ஆனாலும் அது நிலைக்கவில்லை. மேலெழும்பும் பந்தைத் தடுக்க அதில் அலகே இல்லை. எடையை ஓரிடத்தில் குவிப்பவர் இன்னோரிடத்தில் அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். 2017-இல் எம்.சி.சி. மட்டையின் ஓரத்துக்கு 40 மி.மீ., தடிமனுக்கு 67 மி.மீ. என்று உச்சவரம்பு விதித்தது. எடைக்கு வரம்பே விதிக்கவில்லை. எந்த எடையை மரத்தின் எந்தப் பகுதியில் பரப்பலாம் என்பதைத்தான் விதியும் கட்டுப்படுத்துகிறது.

"பிக்-அப் என்பது வெறும் உணர்வு, எடையையாவது அளக்க முடியும்" என்பது கடைசி ஆட்சேபணை. அதுவும் நிற்காது. மட்டையைக் கைப்பிடியில் ஓர் அச்சில் தொங்கவிட்டு ஊசல்போல ஆடவிட்டு, பத்து ஆட்டங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், எடையோடும் ஈர்ப்பு மையத்தின் தொலைவோடும் சேர்த்துத் திருப்புத்திறனைக் கணக்கிட்டுவிடலாம். பிளஸ் ஒன் மாணவர் செய்யக்கூடிய சோதனை இது. கிராம் எண்ணை ஒட்டும் ஸ்டிக்கரில் இந்த எண்ணையும் அச்சிடுவதற்குத் தடையாக இருப்பது பழக்கம் மட்டுமே.

இதில் அதிகம் இழப்பவர்கள் சிறுவர்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று ஓர் அளவு பெரிய மட்டையை வாங்கித் தரும்போது எடை மட்டும் கூடுவதில்லை, நீளமும் கூடுகிறது. நீளம் இருமடியாகக் கணக்கில் வரும். அந்தப் பையன் புல் ஷாட்டைக் கைவிட்டு, கீழ்க்கையால் மட்டையை இழுத்து ஆடப் பழகினால், அது அவன் திறமையின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடையில் கிராமைக் கேளுங்கள், தவறில்லை. பிறகு மட்டையைப் பிள்ளையின் மேற்கையில் மட்டும் கொடுங்கள். அந்த ஒற்றைக் கையால், அவன் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடித்து, பின்னே தூக்கி, நேராகவும் குறுக்காகவும் பத்து முறை சுழற்றச் சொல்லுங்கள். பத்தாவது முறையும் மட்டை அவன் நினைத்த இடத்துக்கு வந்து நின்றால் அதை வாங்குங்கள். வராவிட்டால், எவ்வளவு குறைந்த கிராம் எழுதியிருந்தாலும் அது அவனுக்குக் கனமான மட்டைதான்.